பாழடைஞ்ச கட்டடத்தையும் ஊர்க்கதையையும் படம் எடுக்கப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கிராமத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கிற பழைய வீடு, ஓடாத மில்லு, பிள்ளைங்க வராத பள்ளிக்கூடம், ரயில் நிக்காத ஸ்டேஷன், இதையெல்லாம் படம் எடுத்து, கூடவே அந்த ஊர் ஜனங்க அதைப் பத்திச் சொல்ற கதையையும் சேர்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். நான் இதுல இறங்கி நாலு வருஷம் ஆச்சு. முதல் ஒன்றரை வருஷம் எடுத்ததுல பாதிக்கு மேல இன்னிக்கு வரைக்கும் வெளியில காட்ட முடியாம ஹார்ட் டிஸ்க்லயே கிடக்கு. படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக்க வேண்டியவங்ககிட்ட கேக்காம எடுத்தது.

கட்டடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், அதைப் பத்தின கதைக்கு வேற சொந்தக்காரங்க இருப்பாங்க. ரெண்டுக்கும் தனித்தனியா அனுமதி வாங்கணும். முதலாவது எல்லாருக்கும் தெரியும், ரெண்டாவது யாரும் சொல்லித் தர்றதில்ல, எனக்கும் யாரும் சொல்லல. கீழ இருக்கிற எல்லா ஸ்டெப்பும் இந்த ரெண்டு அனுமதியைச் சுத்தித்தான் வரும்.

1. எந்தக் கட்டடம்னு முடிவு பண்றது

முதல் தடவையே ரோட்டோரம் பார்த்த ஏதோ ஒரு இடிஞ்ச வீட்டுக்குள்ள நுழையாதீங்க. படம் எடுக்கிறதுக்குன்னே ஒழுங்கு பண்ணி வச்சிருக்கிற இடங்கள்ல ஆரம்பிங்க. உலகம் பூரா அப்படி இடம் இருக்கு. நமீபியாவுல கோல்மன்ஸ்கோப்னு ஒரு வைர சுரங்க ஊர், 1956ல கடைசி ஆளும் கிளம்பிட்டாங்க, இப்ப வீட்டுக்குள்ள ஜன்னல் உயரத்துக்கு பாலைவன மணல் ஏறிக் கிடக்கு. அங்க போட்டோகிராபர்களுக்குன்னே தனி பெர்மிட் தர்றாங்க, சாதாரண டிக்கெட்ல காலை, சாயங்கால வெளிச்சம் கிடைக்காதுங்கிறதால. ஜப்பான்ல ஹஷிமா தீவு, 1974ல நிலக்கரி சுரங்கத்தை மூடினதும் காலியாச்சு, 2009ல இருந்து ஆளுங்களை இறக்கி விடுறாங்க, ஆனா போட்டிருக்கிற நடைபாதையைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது. இந்த மாதிரி இடங்கள்ல கூட பெர்மிட், நேரம், எல்லைன்னு எவ்வளவு கவனமா இருக்காங்கன்னு பார்த்தாலே, யாரும் காவல் இல்லாத கட்டடத்துல நாம எவ்வளவு கவனமா இருக்கணும்னு புரியும்.

நீங்க இருக்கிற பக்கத்துலயே அரசாங்கமோ ஒரு டிரஸ்ட்டோ பராமரிக்கிற பழைய கட்டடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ரெண்டு மூணு தடவை அங்க போய் எடுத்துப் பழகிட்டு அப்புறம் தனியார் கட்டடத்துக்கு வாங்க. நான் இதைப் பண்ணாம நேரா உள்ள போனவன், அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

2. சொந்தக்காரர் யாருன்னு கண்டுபிடிக்கிறது

இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. "யாருமே இல்லாத வீடு"ன்னு ஊர்ல சொல்வாங்க, நம்பாதீங்க. ஆள் குடியில்லாத வீடுன்னா சொந்தக்காரர் இல்லாத வீடுன்னு அர்த்தம் இல்ல. நிலப் பதிவு ஆபீஸ்ல சொத்து யார் பேர்ல இருக்குன்னு பார்க்கலாம், பல நாட்டுல இப்ப ஆன்லைன்லயே கிடைக்குது, சின்னதா ஒரு கட்டணம் இருக்கும். சொத்து வரி யார் பேர்ல கட்டுறாங்கன்னும் விசாரிங்க, ஏன்னா பதிவுல இறந்து போனவங்க பேரே இருக்கும், வரி மட்டும் உயிரோட இருக்கிற ஒருத்தர் கட்டிட்டு இருப்பார். மூணாவது வழி பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியாத சேதி எந்த ஆபீஸ்லயும் கிடையாது.

இதுல ஒரு பெரிய கண்ணி இருக்கு. பழைய வீடுன்னா பெரும்பாலும் பல வாரிசுகளுக்குப் பொதுவா கிடக்கும். பாகம் பிரிக்காம இருக்கிறதாலதான் அது இடிஞ்சே போயிருக்கும். நான் ஒருத்தர்கிட்ட வாய்ப்பேச்சுல சரின்னு கேட்டுட்டு உள்ள போனேன், சாவியும் அவரே கொடுத்தார். ரெண்டாவது நாள் அவரோட சித்தப்பா மகன் வந்து நின்னார், "என்கிட்ட கேட்டியா?"ன்னு ஒரே கேள்வி. கேஸ் நடந்துட்டு இருக்கிற வீடு அது, உள்ள என்ன இருக்குன்னு நான் எடுத்த படம் ஒரு பக்கத்துக்கு சாட்சியாப் போயிரும்னு அவருக்கு பயம், அந்த பயத்துல நியாயம் இருந்துச்சு. அவர் முன்னாடியே அன்னிக்கு எடுத்த இருநூத்து சொச்சம் படத்தையும் அழிச்சேன். சாவி கொடுத்தவர் பாவம், அவருக்கும் வீட்டுல சண்டை.

அதனால முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "இதுல உங்களைத் தவிர வேற யாருக்காவது பங்கு இருக்கா, வழக்கு ஏதாவது நடக்குதா?" பங்கு இருந்தா எல்லார்கிட்டயும் ஒரு வரி சம்மதம் வாங்குங்க, மெசேஜ்ல வந்தாலும் போதும். வழக்கு இருந்தா அந்த வீட்டை விட்டுருங்க, வெளியில ரோட்டுல நின்னு எடுக்கிறதோட நிறுத்திக்கோங்க.

டைமிங் சொல்றேன். என் அனுபவத்துல தனியார் வீட்டுக்கு ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகுது, வாரிசுங்க வெளியூர்ல இருந்தா அதுக்கும் மேல. அரசாங்கக் கட்டடம்னா மூணு மாசம்னு வச்சு பிளான் பண்ணுங்க. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா அறிவிச்ச இடம்னா டிரைபாட் வைக்கவே தனி அனுமதி கேப்பாங்க, போறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

3. அனுமதிக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், நீளமா இருந்தா கையெழுத்துப் போடவே தயங்குவாங்க. அதுல இருக்க வேண்டியது: உங்க பேர், போன் நம்பர், கூட வர்றவங்க பேர், எந்தத் தேதி, எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், எந்தெந்தப் பகுதிக்குள்ள போவீங்க, படத்தை எதுக்குப் பயன்படுத்துவீங்க, காசுக்கு விப்பீங்களா மாட்டீங்களா, இடத்தோட பேரை வெளியிடலாமா கூடாதா. கடைசியா, உள்ள உங்களுக்கு அடிபட்டா சொந்தக்காரர் பொறுப்பு இல்லன்னு நீங்களா எழுதிக் கொடுக்கிற ஒரு வரி. இந்தக் கடைசி வரி சட்டத்துல எவ்வளவு தூரம் செல்லும்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், ஆனா சொந்தக்காரருக்கு நம்பிக்கை வர்றது இதாலதான். எனக்கு "யோசிச்சுச் சொல்றேன்"னு மாசக்கணக்குல இழுத்த ஒருத்தர் இந்த வரியைப் படிச்ச உடனே பேனா கேட்டார்.

ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணு அவங்ககிட்ட, ஒண்ணு உங்க பையில. போன்லயும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எடுக்கிற அன்னிக்கு அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷன்ல முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வச்சா இன்னும் நல்லது, ஏன்னா காலி வீட்டுக்குள்ள டார்ச் வெளிச்சம் தெரிஞ்சா யாராவது கண்டிப்பா போன் போடுவாங்க, போடத்தான் செய்யணும்.

டிரோன் பறக்க விடுறதா இருந்தா அது தனிக் கதை. பல நாட்டுல 250 கிராமுக்கு மேல எடை இருந்தா ரெஜிஸ்டர் பண்ணணும்னு விதி இருக்கு, அதுக்குக் கீழ இருந்தாலும் பக்கத்து வீட்டு முற்றத்துல கேமரா எட்டிப் பார்த்தா சண்டைதான். நான் டிரோனை விட்டுட்டேன், கிராமத்துல அது எழுப்புற சத்தமும் சந்தேகமும் எனக்கு வேண்டாம்.

4. முதல் தடவை கேமரா இல்லாம போங்க

பகல்ல, ஒரு துணையோட, பையில கேமரா இல்லாம. இதை நேர விரயம்னு நினைக்காதீங்க. வெளியில இருந்து சுத்தி வந்து எந்த ஜன்னல் கிழக்க பார்த்திருக்கு, எது மேற்கன்னு குறிச்சுக்கோங்க. கூரை எங்க தொங்குதுன்னு பாருங்க. போன் சிக்னல் எந்த இடத்துல போகுதுன்னு பாருங்க. பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு கேட்டு வச்சுக்கோங்க. முக்கியமா, அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க உங்க முகத்தைப் பார்க்கட்டும். கேமராவைத் தூக்கிட்டு வர்ற புது ஆளை விட, வெறுங்கையோட வந்து "இந்த வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கணும் தாத்தா"ன்னு கேக்கிறவங்ககிட்டதான் பேச்சு வரும்.

5. உள்ள உயிரோட போய் உயிரோட வர்றது

இதை நீளமாத்தான் எழுதப் போறேன், தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

தரை. மரத்தளமா இருந்தா நடுவுல நடக்காதீங்க, சுவர் ஓரமாவே நடங்க, உத்தரம் சுவர்ல போய் உக்காருற இடத்துலதான் பலம் இருக்கும். மாடிப்படியும் அப்படித்தான், படியோட நடுவுல கால் வைக்காம ஓரத்துல வைங்க. எனக்கு நடந்தது என்னன்னா, மேல பார்க்க பளபளன்னு இருந்த பலகை, வார்னிஷ் கூட போகல, கீழ்ப்பக்கம் மொத்தமும் கரையான் தின்னு காகிதம் மாதிரி ஆயிருந்துச்சு. முழங்கால் வரைக்கும் உள்ள போச்சு. பலகை உடைஞ்ச சத்தம் கூட வரல, பிஸ்கட் நமுத்துப் போனா உடையுமே அந்த மாதிரி மெத்துன்னு இறங்குச்சு. சத்தம் வரும், அதுக்குள்ள காலை எடுத்துரலாம்னு நினைக்காதீங்க. அன்னிக்குல இருந்து ஒரு குச்சி இல்லாம நான் மாடிக்கு ஏறுறதில்ல, முன்னாடி தட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்த அடி.

கான்கிரீட்டா இருந்தா மேல பாருங்க. உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சா அது பல மடங்கு உப்பும், உப்பி காரையைத் தள்ளி விழ வைக்கும். கூரையில கம்பி எலும்பு மாதிரி தெரியுற ரூமுக்குள்ள நிக்கவே கூடாது, வாசல்ல நின்னு எடுத்துக்கோங்க. மழை பெஞ்சு ஒரு வாரம் ஆகுற வரைக்கும் எந்தப் பழைய கட்டடத்துக்குள்ளயும் போகாதீங்க, மண்சுவர் தண்ணி குடிச்சு நிக்கும், மழையில மட்டும் இல்ல, மழை விட்டு வெயில் அடிக்கும்போது கூட விழும்.

காத்து. இது யாருக்கும் தெரியாத ஆபத்து. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் குவிஞ்சு கிடக்கிற இடத்துல ஹிஸ்டோபிளாஸ்மான்னு ஒரு பூஞ்சை வளரும், தூசியைக் கிளப்பினா அது நுரையீரலுக்குள்ள போகும், 3ல இருந்து 17 நாளுக்குள்ள காய்ச்சல், இருமல், நெஞ்சு வலின்னு காட்டும். ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "நான் வௌவால் இருக்கிற பழைய கட்டடத்துக்குள்ள போனேன்"னு வாயைத் திறந்து சொல்லணும், இல்லன்னா அவங்க வேற எதுக்கோ மருந்து கொடுத்துட்டு இருப்பாங்க. எலிப் புழுக்கை இருக்கிற ரூமைக் கூட்டாதீங்க, கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காத்தோட விட்டுட்டு அப்புறம் போங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைஞ்சு கிடந்தா அதை மிதிக்காதீங்க, நகர்த்தாதீங்க, அதோட நார் சாதாரண துணி மாஸ்க்ல நிக்காது. குறைஞ்சது என்95, ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இருந்தா பி100 ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் நிறுத்துறது) போட்ட மாஸ்க், அதுவும் முகத்துல இடைவெளி இல்லாம உக்காரணும், தாடி இருந்தா உக்காராது. செதில் செதிலா உரியிற பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், கை கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தத் துணியைத் தனியா துவைங்க.

கிணறு, பாதாள அறை, தானியக் குதிர், மூடிக் கிடந்த தொட்டி, இதுக்குள்ள இறங்கவே கூடாது. சாதாரண காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழ போனாலே ஆபத்துன்னு வேலைப் பாதுகாப்பு விதிகள் சொல்லுது, மூடின குழிக்குள்ள அது எவ்வளவுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, மயக்கம் வர்றதுக்கு முன்னாடி எந்த அறிகுறியும் தெரியாமலும் போகலாம். முதல் ஆள் விழுந்ததும் காப்பாத்த இறங்குற ரெண்டாவது ஆளும் செத்துப் போறதுதான் இதுல திரும்பத் திரும்ப நடக்குது. கேமராவை ஒரு கம்புல கட்டி மேல இருந்தே இறக்கி எடுங்க.

டெட்டனஸ் ஊசி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போடணும், அழுக்கான காயம்னா கடைசி ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தாலே டாக்டரைப் பாருங்க. தனியா போகாதீங்க. வெளியில இருக்கிற ஒருத்தர்கிட்ட "இத்தனை மணிக்குள்ள போன் பண்ணலன்னா ஆள் அனுப்பு"ன்னு சொல்லிட்டுப் போங்க.

6. எதுல செலவு பண்றது

காசை கேமராவுல கொட்டாதீங்க. வரிசை என்னன்னா, முதல்ல அடி கெட்டியான ஷூ, மாஸ்க், ஹெல்மெட், ரெண்டு டார்ச். அடுத்து ஆடாத டிரைபாட். அப்புறம் சட்டையில மாட்டுற சின்ன மைக். கேமரா கடைசிதான், கையில இருக்கிற போன்லயே முதல் ஆறு மாசம் ஓட்டலாம். அகலமான லென்ஸ் வேணும்னா ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்க, 16 மி.மீ. (எண் குறையக் குறைய அகலமா தெரியும்) உண்மையிலேயே உங்களுக்கு தேவையா இல்ல 24 போதுமான்னு ஒரே நாள்ல தெரிஞ்சுரும். என் கணக்குல மொத்தச் செலவுல பெரிய பங்கு பயணத்துக்குத்தான் போகுது, ஏன்னா ஒரு கட்டடத்துக்குக் குறைஞ்சது மூணு தடவை போகணும்: பார்க்க ஒண்ணு, எடுக்க ஒண்ணு, திருப்பிக் கொடுக்க ஒண்ணு. இந்த மூணாவது பயணத்துக்கும் ஆரம்பத்துலயே காசு ஒதுக்கிருங்க, இல்லன்னா அது நடக்காது.

7. படம் எடுக்கிறது

இருட்டு ரூம், நடுவுல வெளிச்சம் கொட்டுற ஒரு ஜன்னல், இதுதான் திரும்பத் திரும்ப வர்ற சிக்கல். ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டும் வராது. டிரைபாட்ல வச்சு, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தோட அளவு) 8ல, ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்ச வித்தியாசத்துல மூணுல இருந்து அஞ்சு படம் எடுத்து அப்புறம் சேருங்க. சேர்க்கும்போது எல்லா மூலையையும் வெளிச்சமாக்கிராதீங்க, இருட்டு ரூம் இருட்டாவே தெரியணும், அதுலதான் அந்த இடம் இருக்கு. ரெண்டு செகண்ட் டைமர் வைங்க, விரல் பட்டு ஆடாது. ரா ஃபைல்ல (கேமரா பதப்படுத்தாம அப்படியே பதியிறது) எடுங்க, பச்சைப் பாசி, மஞ்சள் சுண்ணாம்புன்னு கலர் கன்னாபின்னான்னு இருக்கும், பின்னாடி சரி பண்ண வசதி.

ஃபிளாஷ் வேண்டாம், உரிஞ்ச சுவரோட மேடு பள்ளமெல்லாம் தட்டையாயிரும். பக்கவாட்டுல இருந்து டார்ச்சை மெதுவா ஆட்டி பத்து செகண்ட் எக்ஸ்போஷர் கொடுத்துப் பாருங்க, ஒவ்வொரு விரிசலும் எழுந்து நிக்கும். சூரியன் அடிவானத்துல இருந்து ஆறு டிகிரிக்குள்ள இருக்கிற நேரம்தான் சாய்ஞ்ச வெளிச்சம், அதுக்கு முன்னாடியே டிரைபாட் ரெடியா இருக்கணும். சாயங்கால வெளிச்சம் நல்லா இருக்கும்னு உள்ள தங்கிராதீங்க, இருட்டுறதுக்கு அரை மணி முன்னாடி வெளியில வந்துருங்க, வெளிப்பக்கம் எடுக்கிறதை கடைசிக்கு வச்சுக்கோங்க.

ஒரு பொருளையும் நகர்த்தாதீங்க. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, பொம்மையைத் தரையில வச்சு எடுக்கிற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு. அது பொய்ப் படம், பார்க்கிற ஜனங்களை மட்டும் இல்ல, அந்த வீட்டுல வாழ்ந்தவங்களையும் ஏமாத்துறது. எதையும் எடுத்துட்டும் வராதீங்க, ஒரு ஆணி கூட. அமெரிக்காவுல போடின்னு ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர், 1962ல இருந்து பூங்காவா பாதுகாக்கிறாங்க, அங்க இருந்து கண்ணாடித் துண்டு, ஆணின்னு எடுத்துட்டுப் போனவங்க, அதுல சாபம் இருக்குன்னு சொல்ற கதையை நம்பி மன்னிப்புக் கடிதத்தோட தபால்ல திருப்பி அனுப்பிட்டு இருக்காங்க. சாபத்தை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா திரும்பி வந்த ஆணி எந்தச் சுவர்ல இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது.

8. கதை கேக்கிறது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ரொம்ப அடி வாங்கினதும் இதுலதான்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, கதை ரெண்டு வகை. "நான் கண்ணால பார்த்தேன்"னு ஒருத்தர் தன் அனுபவத்தைச் சொல்றது ஒண்ணு. "அப்படித்தான் சொல்வாங்க"ன்னு ஊர் முழுக்க புழங்குறது இன்னொண்ணு. ரெண்டையும் கலந்து எழுதாதீங்க. நோட்டுல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பார்த்ததா கேட்டதான்னு குறிங்க, யார்கிட்ட கேட்டதுன்னும் கேளுங்க, எத்தனை கை மாறி வந்திருக்குன்னு தெரியும்.

"இங்க பேய் இருக்காமே?"ன்னு ஆரம்பிக்காதீங்க. அப்படிக் கேட்டா நீங்க எதிர்பார்க்கிற பேய்க்கதைதான் வரும், உங்களைத் திருப்திப்படுத்தி அனுப்புறதுக்காகவே சொல்வாங்க. "இந்த வீட்டுல கடைசியா யாரு இருந்தாங்க?"ன்னு கேளுங்க. "நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது இந்தப் பக்கம் வர விடுவாங்களா?"ன்னு கேளுங்க. வரவிட மாட்டாங்கன்னா ஏன்னு காரணம் வரும், பாதி ஊர்க்கதை அந்தக் காரணத்துலதான் பிறக்குது. ஆழமான கிணறு இருக்கிற வீட்டுலதான் பெரும்பாலும் பேய் இருக்கும், பிள்ளைங்க எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு பெரியவங்க வச்ச பேய் அது.

ஒரு பாட்டி என்னை அவங்க பிறந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஊர்ல அதைத் தற்கொலை வீடுன்னு சொல்வாங்க, நான் அதுக்காகத்தான் போனேன், மறைக்கல. பாட்டி அதைப் பத்திப் பேசவே இல்ல. நேரா அடுப்படி வாசல் நிலைப்படிகிட்ட போய் நின்னாங்க, நிலையில கை வச்சு மேல இருந்து கீழ தடவினாங்க. பென்சில்ல சின்னச் சின்னக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல ஒரு எழுத்தும் ஒரு வருஷமும். பிள்ளைங்க உயரம் அளந்தது. ஒரு எழுத்து மட்டும் மூணு கோட்டோட நின்னுருச்சு, மத்ததெல்லாம் மேல மேல போகுது. அந்த மூணாவது கோட்டுல அவங்க விரல் கொஞ்ச நேரம் நின்னுச்சு. நான் கேக்கல, அவங்களும் சொல்லல. ஊர் சொல்ற கதையோட வேர் அங்கதான் இருக்குன்னு எனக்குப் புரிஞ்சுச்சு, ஊர்க்கதையில அது வேற மாதிரி மாறிப் போயிருந்துச்சு.

அந்த வீட்டுப் படத்தை நான் தற்கொலை வீடுங்கிற தலைப்புல போடல. ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு கதையை அப்படியே போட்டேன், குடும்பப் பேரை எழுதலைன்னாலும் ஊர்க்காரங்களுக்குத் தெரியாதா. அந்தக் குடும்பத்துல ஒரு பொண்ணுக்கு அப்ப கல்யாணம் பேசிட்டு இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. எழுதினதை எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள நாலு பேர் பகிர்ந்துட்டாங்க. கதைக்கும் அனுமதி வேணும்னு நான் சொல்றது அதனாலதான்.

நடைமுறை என்னன்னா, ரெக்கார்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க, ஆன் பண்ணினதும் அதே கேள்வியை மறுபடி கேட்டு அவங்க சரின்னு சொல்றதைப் பதிவு பண்ணுங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு இதுவே கையெழுத்து. அப்புறம் ஒரு சின்னத் தாள்: பேர் போடலாமா, குரலைப் போடலாமா, முகம் காட்டலாமா, எந்தப் பகுதியை விட்டுரணும், பின்னாடி வேண்டாம்னு தோணினா யார்கிட்ட சொல்லணும். பேசி முடிச்ச பிறகுதான் அந்தத் தாள்ல கையெழுத்து வாங்குங்க, என்ன சொன்னோம்னு தெரிஞ்ச பிறகுதான் சம்மதத்துக்கு அர்த்தம். கதையில வர்ற குடும்பத்தோட வாரிசு யாராவது இருக்காங்களான்னு கேட்டு, இருந்தா அவங்களையும் பார்த்துப் பேசுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்.

வேவ் ஃபைலா (சுருக்காத ஒலிப்பதிவு), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல பதியுங்க, ஸ்டீரியோவுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி மாதிரி வரும். மைக்கை வாய்கிட்ட இருந்து ஒரு சாண் தள்ளி மாட்டுங்க. ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. பேசி முடிச்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம அந்த இடத்தோட சத்தத்தை மட்டும் பதிஞ்சு வச்சுக்கோங்க, எடிட் பண்ணும்போது வெட்டின இடத்தை அதை வச்சுத்தான் ஒட்டணும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துல இறக்க எனக்கு ஆறு மணி நேரம் ஆகுது, அதையும் கணக்குல வச்சுக்கிட்டு தேதி சொல்லுங்க.

9. கதையும் நிஜமும்

ராஜஸ்தான்ல குல்தராங்கிற ஊரைப் பத்தி எல்லாரும் சொல்வாங்க, கொடுமைக்கார திவானுக்கு பயந்து அங்க இருந்த பாலிவால் சமூகத்து ஜனங்க ஒரே ராத்திரியில ஊரைக் காலி பண்ணி, சாபமும் விட்டுட்டுப் போனாங்கன்னு. தண்ணி வத்திப் போய் ஊர் கொஞ்சம் கொஞ்சமா காலியாச்சுன்னும் ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. நீங்க எழுதும்போது ரெண்டையும் எழுதுங்க, ஒண்ணை வச்சு இன்னொண்ணை அடிக்காதீங்க. ஒரே ராத்திரிங்கிறது கணக்குல வராம இருக்கலாம், ஆனா பயந்து ஓடினாங்கங்கிற நினைப்பு ஜனங்க மனசுல நிக்குதுன்னா அதுவும் ஒரு சேதிதான்.

ஒரே கதையைக் குறைஞ்சது மூணு பேர்கிட்ட, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம கேளுங்க. எங்க மாறுதுன்னு பாருங்க. வருஷத்தை மட்டும் பதிவு ஆபீஸ், பழைய பேப்பர், கல்லறைக் கல், பள்ளிக்கூட ரெஜிஸ்டர்னு தேடி ஒத்துப் பாருங்க. ஒத்து வரலைன்னா கதை சொன்னவங்களைத் திருத்தாதீங்க, உங்க எழுத்துல தனியா குறிச்சா போதும்.

10. வெளியிடுறது

இடம் எங்கன்னு சொல்லாதீங்க. நான் முதல்ல மேப் லிங்க்கோட போட்டேன், மூணு மாசம் கழிச்சு போனப்ப ஒரு ஜோடிக் கதவு இல்ல, செதுக்கின கதவு, நிலையோட பேத்து எடுத்துட்டாங்க. அது என் படத்தால நடந்துச்சான்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா அந்தச் சந்தேகம் என்னை விட்டுப் போகல. படத்துக்குள்ளயே ஜிபிஎஸ் ஒளிஞ்சிருக்கும், அதை எடுத்துட்டுத்தான் ஏத்தணும். பின்னாடி தெரியுற மைல்கல், கோபுரம், கடை போர்டு இதையும் பாருங்க. வேற ஆளுங்க கேட்டு மெசேஜ் பண்ணினா சொந்தக்காரர்கிட்ட கேட்டுக்கோங்கன்னு மட்டும் சொல்லுங்க.

வெளியிடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, கதை சொன்னவங்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும் காட்டுங்க. வாசிச்சுக் காட்ட வேண்டியிருந்தா உக்காந்து வாசிங்க. ஃபைலை மூணு காப்பி, ரெண்டு வேற வேற டிவைஸ், ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற மாதிரி வைங்க. கட்டடம் இன்னும் எத்தனை மழை தாங்கும்னு தெரியாது, திரும்பப் போய் எடுத்துக்கலாம்னு இதுல எதையும் விட முடியாது.

11. மூணாவது பயணம்

பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க. லிங்க் அனுப்பினேன்னு சொல்லாதீங்க, கையில கொடுங்க. பேசின ரெக்கார்டிங் முழுசையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு பேரன் பேத்திங்ககிட்ட கொடுங்க, வெட்டாத முழுப் பேச்சு. வீட்டுக்காரங்களுக்கு அழகான ரெண்டு படத்தை விட, எல்லா ரூமும் தெரியுற சாதாரணப் படம் இருபது கொடுத்தா அதுதான் உதவும், பழுது பார்க்கவோ பாகம் பிரிக்கவோ. 

பாட்டிக்கு அந்த நிலைப்படி படத்தைத்தான் பெருசா போட்டுக் கொண்டு போனேன். நான் போறதுக்கு முந்தின மழையில அந்தச் சுவர் விழுந்துருச்சு, நிலையை யாரோ விறகுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. படத்தை வாங்கி மடியில வச்சுக்கிட்டு, பென்சில் இருக்கான்னு கேட்டாங்க. பின்னாடி திருப்பி, கோட்டுல இருந்த எழுத்துக்கெல்லாம் முழுப் பேரையும் ஒவ்வொண்ணா சொன்னாங்க, நான் எழுதினேன். நீங்களும் பிரிண்ட் பின்னாடி தேதி, இடம், யாரு சொன்னதுன்னு எழுதிருங்க. பென்சில்ல, அழுத்தாம எழுதுங்க, பேனா மை ஊறி முன்பக்கம் வந்துரும்.